பூதலூர் வயலை நான் பச்சையாக்கிய விவரம்

தஞ்சாவூர்,
ஜனவரி 10.

ஷார்ஜாவில் இருக்கும் அன்பு மச்சான் ஜாஃபர் சாதிக் அவர்களுக்கு, உங்கள் உடன்பிறந்த ராத்தா ஜன்னத் பீவியின் கணவன் மீரா உசேன் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் ராத்தாவும் அவளுடைய முழங்கால் வலியும் ஒருவரை ஒருவர் அனுசரித்துச் சுகமாக இருக்கிறோம். அங்கே உங்கள் சுகத்துக்கும் பிள்ளைகள் சுகத்துக்கும் ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். கைபேசியில் ஒரு நொடியில் சொல்லக்கூடியதை எதற்காகத் தாளில் எழுதித் தபாலில் போடுகிறார் இந்த மனிதர் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அனுப்பும் படத்தை நீங்கள் நம்புவதில்லை, பேசினால் எனக்குக் குரல் உள்ளே போய்விடுகிறது. மிச்சம் இருப்பது கையெழுத்து ஒன்றுதான். அதைத் திருத்தும் வித்தையை எங்கள் பயிற்சி மையத்தில் இன்னும் நடத்தவில்லை.

சென்ற முறை ஊருக்கு வந்தபோது உங்கள் பழைய கேமராவை என் மடியில் வைத்து, "மச்சான், ரிட்டயர் ஆயி சும்மாதானே இருக்கீங்க, இத வச்சுப் பொழுது போக்குங்க" என்று சொல்லிப் போனீர்கள். பெருந்தன்மை. நான் எதையும் படித்துப் பார்க்காமல் தொடாதவன் என்பது உங்களுக்குத் தெரியும். அதன் கையேட்டை இரண்டு முறை வாசித்தேன், இரண்டாம் முறை முதல் முறையைவிடக் குறைவாகப் புரிந்தது. ஆகவே புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தொழிற்பயிற்சி மையத்தில், புகைப்படக்கலையும் டிஜிட்டல் பட ஆக்கமும் என்னும் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் என்னைத் தவிர எல்லோருக்கும் இருபது வயதுக்குள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். நான் அவர்களைப் பார்த்து யாரோ பெரியவர் பின்னால் வருகிறார் என்று நினைத்து நானும் ஓரமாக ஒதுங்கி நின்றேன். உண்மையான ஆசிரியை சபிஹா என்னும் பெண். வயது முப்பது இருக்காது. நான் ஒரு நாள் பல் வலிக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதி நீட்டியபோது, "சார், இங்க லீவு லெட்டரெல்லாம் யாரும் குடுக்க மாட்டாங்க, வராம இருந்துருவாங்க" என்றார். முப்பத்து நான்கு வருடம் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்தவனுக்கு இந்த வசதி தெரியாமல் போயிற்று.

அந்த முப்பத்து நான்கு வருடத்தில் புலப்படத்தில் ஒரு கோட்டைக்கூட நான் இடம் மாற்றியதில்லை. பெரிய பெரிய மனிதர்கள் வரப்பைக் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போடச் சொல்லியும் தள்ளியதில்லை. இதை நேர்மை என்று என் பணி நிறைவு விழாவில் பேசினார்கள். உண்மையில் எப்படித் தள்ளுவது என்று எனக்குத் தெரியவில்லை. சபிஹா மேடம் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார். வானம் வெளுத்திருந்தால் வேறு வானம் போடலாம். மணப்பெண் முகத்தில் உள்ள பருவை எடுக்கலாம், மின்கம்பத்தை எடுக்கலாம், பிடிக்காத சித்தப்பாவையும் எடுக்கலாம். என்னோடு படிக்கும் பிரதீபா பட்டுக்கோட்டைப் பெண், அவள் வீட்டில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறார்கள். ஒரு மாப்பிள்ளையின் முகத்தை அவள் அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்ததில், ஆல்பத்தைப் பார்த்த பெண் வீட்டார், "நாங்க பாத்த மாப்பிள்ளை இவர் இல்லையே" என்று கேட்டார்களாம். நான் இதையெல்லாம் நீண்ட நோட்டில் விதிகளாக எண் போட்டு எழுதிக்கொண்டேன். பதினான்காவது விதி: வேலை முடிக்காத படத்தை வாடிக்கையாளர் கண்ணில் காட்டவே கூடாது. இதைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். என் துரதிருஷ்டம் அந்த அடிக்கோட்டில் ஆரம்பமாகிறது.

டிசம்பர் முதல் வாரத்தில் நீங்கள் பேசினீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள், ஆனாலும் வரிசை கெடாமல் இருக்க எழுதுகிறேன். "மச்சான், பூதலூர் வயலு முழுகிப்போச்சுன்னு கலியபெருமாள் சொல்றான். இவனுங்க எப்பவும் இதான் சொல்லுவானுங்க. நீங்க ஒரு எட்டு போயி போட்டோ எடுத்து அனுப்புங்க. நெசமாவே முழுகியிருந்தா இந்த வருசக் குத்தகை நெல்லு வேணாம், வயலும் அவன்கிட்டயே இருக்கட்டும். முழுகலேன்னா பொங்கல் கழிஞ்சதும் வேற ஆளுக்கு மாத்திர்றேன். ஆளு சொல்றத நம்ப முடியாது, போட்டோ பொய் சொல்லாது." பத்தொன்பது வருடமாக அந்த வயலில் உழுது நட்டு அறுத்து உங்களுக்கு அளந்து கொண்டிருக்கும் மனிதனை நம்ப முடியாது, நாலு மாதமாகப் படித்துக் கொண்டிருக்கும் என் கையில் உள்ள கேமராவை நம்பலாம். இந்த மரியாதை எனக்குக் கொஞ்சம் கிறக்கமாகத்தான் இருந்தது.

மறுநாளே பேருந்தில் பூதலூர் போய் இறங்கினேன். கலியபெருமாள் தன் மொபெட்டில் என்னையும் முக்காலியையும் ஏற்றிக்கொண்டு போனார். வயல் என்று அவர் காட்டிய இடத்தில் ஏரி இருந்தது. வரப்பு எங்கே என்று தெரியவில்லை. புல எண் மனப்பாடமாகத் தெரிந்த எனக்கே தெரியவில்லை. நான் முக்காலியை விரித்து, தொடுவானம் சாயாமல் இருக்கிறதா என்று அதிலுள்ள ரசமட்டத்தை அரை மணி நேரம் சரிசெய்தேன். முக்காலியின் ஒரு கால் சேற்றில் இறங்கும், தூக்கினால் இன்னொரு கால் இறங்கும். கலியபெருமாள் கொஞ்ச நேரம் பொறுமையாக நின்று பார்த்தார்.

"பாய், பயிரே மட்டமாப் போச்சு. நீங்க இன்னும் மட்டம் பாத்துக்கிட்டு இருக்கீங்களே."

"இல்லீங்க, படம் கோணலா வந்துரக் கூடாது."

"கோணலா வந்தா என்ன பாய், தண்ணி கொட்டிருமா? கொட்டுனா நல்லதுதானே."

ஆழம் தெரிவதற்கு ஓர் அளவு வேண்டும் என்று அவரையே வயலுக்குள் இறங்கி நிற்கச் சொன்னேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் படம் எடுப்பதுபோல் நிமிர்ந்து நின்றார். பதினெட்டுப் படங்கள் எடுத்தேன். இதுவரை எந்தத் தவறும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

அடுத்த நாள் பயிற்சி மையத்தின் கணினியில் அந்தப் படத்தைத் திறந்தேன். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒன்றாம் விதி, வெளிச்சம் மங்கலாக இருந்தால் கூட்டு. கூட்டினேன். நான்காம் விதி, சாம்பல் பூத்த நிறத்தைச் சூடாக்கு. சூடாக்கினேன். ஆறாம் விதி, நீரின் பளபளப்பு கண்ணைக் கூசச் செய்யும், குறை. குறைத்தேன், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததில் நீரே போய்விட்டது. பழுப்பாகக் கிடந்த பயிர்த் தாளைப் பச்சைக்கு நகர்த்தினேன். வடக்கு ஓரத்தில் மேட்டில் தப்பி நின்ற நாலு முழம் பயிரை எடுத்து, பிரதி எடுக்கும் கருவியால் வயல் முழுக்க நட்டேன். நடவு ஆட்கள் செய்தாலும் இவ்வளவு நேர் வரிசை வராது. மழை மேகத்தை எடுத்துவிட்டு மார்ச் மாத வானம் ஒன்றை வைத்தேன். கடைசியாக ஒன்பதாம் விதி: பார்வையாளரின் கவனத்தைச் சிதறடிக்கும் பொருள்களை நீக்கு. படத்தின் நடுவில் ஒரே ஒரு பொருள் அப்படி நின்றது. மடித்துக் கட்டிய வேட்டியோடு நின்றது. நீக்கினேன். நான்கு மணி நேரம் பார்த்துக் கொண்டிருந்ததில் அது எனக்கு வயலாகத் தெரியவில்லை, கோப்பாகத் தெரிந்தது. கலியபெருமாள் ஒரு கறையாகத் தெரிந்தார். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது, ஆனால் அன்றைக்குக் கூசவில்லை.

சபிஹா மேடம் வந்து பார்த்து, "சார், நீங்க பண்ணுனதா இது? எந்த ஊரு லொகேஷன்?" என்றார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்கு. பெரிதாக அச்சிட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்ததற்குப் பிறகு இப்போதுதான் மறுபடி வந்திருக்கிறேன். அந்த மயக்கத்திலேயே, பதினான்காம் விதியையும் மதித்து, முடித்த படத்தை உங்களுக்கு அனுப்பினேன். உங்களை என் முதல் வாடிக்கையாளர் என்று மனத்தில் வைத்திருந்தேன். வேலை முடிக்காததை அனுப்பினால் என்ன நினைப்பீர்களோ என்று பயந்தேன். நான் பயப்படாமல் செய்த தவறு என்று என் வாழ்வில் எதுவும் இல்லை.

நீங்கள் அதைக் குடும்பக் குழுவில் போட்டு, "மாஷா அல்லாஹ், என் வயல்" என்று எழுதினீர்கள். உங்கள் முகப்புப் படமாகவும் வைத்துக்கொண்டீர்கள். பதினேழு பேர் கை கூப்பினார்கள், இரண்டு பேர் கண்ணில் நீர் வரும் முகம் போட்டார்கள். நான் சொன்ன ஒரு விஷயத்துக்கு நம் குடும்பத்தில் இரண்டு பேர் சேர்ந்து தலையாட்டி அதுவரை நான் கண்டதில்லை. அந்த மகிழ்ச்சி அடுத்த நாள் அஸர் தொழுகை வரைக்கும் இருந்தது. தொழுதுவிட்டு வந்தபோது கலியபெருமாளும் அவர் மனைவி மலர்கொடியும் வீட்டு வாசலில் நின்றார்கள். நீங்கள் அவரைக் கூப்பிட்டு, வாய் கூசாமல் பொய் சொல்கிறாயா, பொங்கல் கழிந்து வயலை விட்டு இறங்கு என்று சொல்லி, சாட்சிக்கு என் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். அவர் கைபேசியை என் முன்னால் நீட்டினார்.

"பாய், இது எந்த ஊரு வயலு?"

நான் தொப்பியைக் கழற்றி மடித்தேன்.

"நல்ல வெளைச்சலா இருக்கு. இதையே எனக்குக் குத்தகைக்கு வுடச் சொல்லுங்க. அந்த வயலு வேணாம்."

மலர்கொடி படத்தை விரலால் பெரிதாக்கி அங்குலம் அங்குலமாகப் பார்த்துக் கொண்டிருந்தார். "ஏங்க, நீங்க உள்ள நின்னேன்னு சொன்னீங்களே. எங்க நிக்கிறீங்க?"

"பாயைக் கேளு. அவர்தான் நிக்கச் சொன்னாரு."

"உரம் போட்டது, மருந்தடிச்சது, களை எடுத்தது எல்லாம் தண்ணியில போச்சு. ஆளாவது மிச்சம்னு இருந்தேன். அதையும் நீங்க எடுத்துட்டீங்களே பாய்" என்றார் மலர்கொடி. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எப்போதும்போல் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போயிருப்பேன். உங்கள் ராத்தா அவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

அன்றே உங்களுக்குக் கை வைக்காத அசல் படத்தை அனுப்பி, முதலில் அனுப்பியது நான் அழகுபடுத்தியது என்று விளக்கினேன். அதற்கு நீங்கள் அனுப்பிய குரல் பதிவை எழுத்து மாறாமல் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "மச்சான், கலியபெருமாள் வந்து அழுதிருப்பான், ஒங்களுக்கு மனசு எளகியிருக்கும். படிக்கிறது அந்தப் படிப்புதானே, வயலுக்குள்ள தண்ணிய ஊத்தி அனுப்பிட்டீங்க. நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா அந்த ஆளு காலுதான் தண்ணியில சரியா ஒட்டல, வெட்டி வச்ச மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் பழகணும்." அந்தப் பதினெட்டுப் படங்களிலும் மிக உண்மையாக இருந்தவை அந்தக் கால்கள்தான். நான் பொய் செய்து அனுப்பியதற்கு மாஷா அல்லாஹ், மெய்யை அனுப்பினால் இன்னும் பழக வேண்டும். உங்கள் கலை நுட்பத்தைப் பாராட்டுகிறேன். எங்கள் மையத்தில் தேர்வாளர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது.

சபிஹா மேடத்திடம் ஓடினேன். அசல் படத்துக்கு, இது திருத்தப்படாதது என்று சான்று எழுதித் தரும்படி கேட்டேன். விவரத்தைக் கேட்டதும் அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"பயிர் சேதத்துக்கா சார் எடுத்தீங்க? அத முதல்லயே சொல்ல வேணாமா? ஆதாரத்துக்கு எடுக்குற படத்துல ஒரு புள்ளியக்கூடத் தொடக் கூடாது சார்."

"நான் எல்லா விதியும் எழுதியிருக்கேன் மேடம். இந்த விதி நோட்டுல இல்லியே."

"அது அடுத்த வாரப் பாடம் சார்."

சான்றை எழுதிக் கொடுத்தார். நல்ல பெண். அதையும் படமெடுத்து உங்களுக்கு அனுப்பினேன். முத்திரை சாய்ந்திருக்கிறது, இதையும் நீங்களே செய்ததா என்று கேட்டீர்கள். வரவேற்பறைப் படத்தை இறக்கிவிடும்படி கேட்டேன். அதைப் பார்த்துத்தான் இந்த மாதம் ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள், இருக்கட்டும் என்றார்கள்.

கடைசியாக வீடியோவில் நேரிலேயே காட்டிவிடலாம் என்று போன வாரம் மீண்டும் பூதலூர் போனேன். அதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. நான் போகும்போது வடிவது தண்ணீரின் குணம். செத்த பயிரின் மேல் கோரை முளைத்து வயல் முழுக்க மினுமினுத்தது. கலியபெருமாள் கைபேசியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். நீங்கள் ஷார்ஜாவில் நாற்காலியில் சாய்ந்தபடி, "பச்சையாத்தானே இருக்கு" என்றீர்கள்.

"அது கோரைங்க" என்றார் அவர்.

"கோரையா? அது எப்ப அறுப்பு?"

கலியபெருமாள் என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. மச்சான், கோரை என்பது யாரும் விதைக்காமல், யாரும் அழைக்காமல் வந்து, பயிருக்குப் போட்ட உரத்தைத் தின்று செழிப்பாக நிற்பது. நிலத்தின் சொந்தக்காரர் தூரத்திலிருந்து பார்த்தால் அதுதான் விளைச்சல்போல் தெரியும்.

ஆகவே படத்தை விட்டுவிட்டுச் சொல்லால் எழுதுகிறேன். எனக்கு அலங்காரமாக எழுதத் தெரியாது, அது இந்த இடத்தில் நல்லதுதான். வடிகாலை ஆகாயத்தாமரை அடைத்துக் கொண்டதால் தண்ணீர் பதினொரு நாள் நின்றது. கதிர் உள்ளே பொதி கட்டும் பருவத்துப் பயிர். வடக்கு மேட்டில் நாலு முழம் தவிர மற்ற எல்லாம் அழுகிவிட்டது. ஒரு குத்தைப் பிடித்து இழுத்தேன். வேர் வரவில்லை, தண்டு மட்டும் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. உள்ளே கதிர் நூல்போல, வெள்ளையாக, கரு நிலையில் இருந்தது. முகர்ந்து பார்த்தேன், ஊறிய சாக்கு வாடை. கலியபெருமாள் வயலுக்குள் இறங்காமல் வரப்பிலேயே நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, "இனிமே எறங்குனா வேற ஆளு வயலுல எறங்குன மாதிரி ஆயிரும் பாய்" என்றார். இதுதான் நான் பார்த்தது. இதன் வெளிச்சத்தைக் கூட்டவில்லை, நிறத்தைச் சூடாக்கவில்லை, யாரையும் நீக்கவில்லை.

இந்த ஒரு வருடக் குத்தகையைத் தள்ளுபடி செய்து, வயலை அவரிடமே விட்டுவைக்கும்படி உங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். தவறு என்னுடையது, தண்டனை அவருக்குப் போகக் கூடாது. வேண்டுமானால் நான் அந்தப் படிப்பை நிறுத்திவிடுகிறேன், கேமராவையும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். எனக்கு இப்படிக் கேட்க உரிமை உண்டா என்று தெரியவில்லை. உண்டு என்று எண்ணித் தொடங்கி, இந்த வரிக்கு வந்தபோது இல்லையோ என்று தோன்றுகிறது. நீங்கள் பெரிய மனது வைத்து நல்ல பதில் எழுத வேண்டும்.

உங்கள் வீட்டில் தங்கை தஹ்மீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் சலாமும் முத்தங்களும். அல்லாஹ் உங்கள் தொழிலில் பரக்கத்தையும், உங்கள் கண்ணுக்குத் தெளிவையும், எனக்குக் கொஞ்சம் முதுகெலும்பையும் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
மீரா உசேன்

பி.கு.: நேற்று இரவு உறையை ஒட்டும் முன் உங்கள் ராத்தா இதை வாங்கி முழுவதும் படித்தாள். "என் தம்பி இத படிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த குறுவையே வந்துரும். அவன் ஊரை விட்டுப் போறப்ப அந்த வயலுக்கு ஒங்க பேருல பவர் பத்திரம் எழுதிக் குடுத்தானே, அது பீரோவுல எதுக்குக் கெடக்கு, கரப்பான் படிக்கவா?" என்றாள். எடுத்துப் பார்த்தேன். குத்தகைக்கு விடவும், புதுப்பிக்கவும், தள்ளுபடி செய்யவும் எனக்கு முழு அதிகாரம் கொடுத்திருக்கிறீர்கள். பன்னிரண்டு வருடமாக அது என்னிடம் இருக்கிறது. அதற்கும் பயந்துதான் திறக்காமல் வைத்திருந்தேன் போலிருக்கிறது. இன்று காலை கலியபெருமாளை வரவழைத்து, இந்த வருடக் குத்தகையைத் தள்ளுபடி செய்து, இன்னும் மூன்று வருடத்துக்கு வயலை அவருக்கே விட்டு, உங்கள் சார்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். எனவே மேலே நான் பணிந்து கேட்டவை அனைத்தையும் நீக்கிவிட்டுப் படிக்கவும். பதில் எழுத வேண்டிய அவசியமும் இல்லை. படிப்பையும் நிறுத்தவில்லை, கேமராவையும் அனுப்பவில்லை. ஒப்பந்தத்தின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு புள்ளியும் தொடவில்லை. கையெழுத்து நடுங்கியிருப்பது அசல்.